மூன்றே முக்கால் வயதுக் குழந்தையோடு ஐரோப்பா: இரண்டு ஊர், 11 இரவு, ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த திட்டம் பத்து நாளில் ஏழு நாடு. உறவினர் ஒருவர் போய் வந்த குழுப் பயணத்தின் அட்டவணை அது. காலை ஏழு மணிக்குப் பேருந்து, மதியம் ஒரு கோபுரம், மாலை ஓர் ஏரி, இரவு வேறு நாட்டில் விடுதி. அதைப் பார்த்துவிட்டு நான் வேறொரு கணக்குப் போட்டேன். பத்து நாளில் எத்தனை முறை பெட்டி கட்ட வேண்டும், எத்தனை முறை தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டும்? எட்டு, ஒன்பது என்று வந்தது. அட்டவணையை மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் நாங்கள் போனது இரண்டே ஊர். பாரிசில் 6 இரவு, சுவிட்சர்லாந்தின் லூட்சர்னில் 5 இரவு. மகளுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. இந்த வழிகாட்டி அந்தப் பயணத்திலிருந்து வந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தையோடு போகிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: ஊரைக் குறையுங்கள், பிறகு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் காணாமல் போகும் நாள். ரயில் மூன்று மணி நேரம்தான் என்பார்கள். பெட்டி கட்டுவது, வீட்டைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, புதிய ஊரில் சாவி வாங்குவது, "இது நம் வீடு இல்லையே" என்று அழும் குழந்தையைத் தேற்றுவது எல்லாம் சேர்ந்தால் மாலை ஆகிவிடும். அதனால் ஓர் ஊருக்குக் குறைந்தது நான்கு இரவு என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளே குழந்தை அந்தத் தெருவின் ரொட்டிக் கடையையும் விளையாட்டுத் திடலையும் அடையாளம் கண்டுகொள்ளும். அதன் பிறகுதான் உங்களுக்கே பயணம் தொடங்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு செப்டம்பருக்கு. இன்னும் பெரிய பள்ளியில் சேராத குழந்தை என்றால் கோடை விடுமுறைக்குக் கட்டுப்படாத கடைசி ஆண்டுகள் இவை, வீணாக்காதீர்கள். ஜூன் மாதத்தில் பாரிசில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். வெயில் அடிக்கும்போது "தூங்கு" என்றால் எந்தக் குழந்தை நம்பும்? ஜூலை, ஆகஸ்டில் வெப்ப அலை வந்தால், குளிர்சாதனம் இல்லாத பழைய கட்டடங்களில் சென்னைக்காரர்களே வாடிப்போவோம். செப்டம்பர் நடுவில் எட்டு மணி வாக்கில் இருட்டுகிறது. ஒரு ஸ்வெட்டரும் மழைச் சட்டையும் போதும். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் மே மாதம் நல்லது.

இரண்டாம் படி: விசா

ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் 29 ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு 6 இரவு, 5 இரவு என்பதால் பிரான்ஸ். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; கடைசி எல்லை 15 நாள் முன்பு. அந்தக் கடைசி எல்லையை நம்பாதீர்கள். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள் என்றாலும் 45 நாள்வரை இழுக்க அவர்களுக்கு இடமுண்டு. விண்ணப்ப மையத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே தனிப் போராட்டம். மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. ஆறு வயதுக்குள் விசாக் கட்டணம் கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் வேறு கணக்கு. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் கைரேகை எடுப்பதில்லை. மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், குழந்தைக்கும் சேர்த்துத்தான். பாஸ்போர்ட், ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். குழந்தைகளின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுக்குத்தான் என்பதால், பிறந்தவுடன் எடுத்தவர்கள் தேதியை ஒருமுறை பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இன்னொருவருக்கு அங்கே அப்பாவின் பெயர் இருக்கும். குழந்தைக்கு மூன்றாவது விதமாக இருக்கும். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று பெயரைப் பார்த்து எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. எனவே பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திருத்தம் செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைப் பயணத்திலும் கையில் வைத்திருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போவதாக இருந்தால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கட்டாயம் தயார் செய்யுங்கள்.

2025 அக்டோபரில் ஐரோப்பிய எல்லைகளில் மின்னணுப் பதிவு முறை தொடங்கிவிட்டது. முகத்தைப் படம் பிடிப்பார்கள். கைரேகை 12 வயதுக்கு மேல் மட்டும். தூங்கும் குழந்தையை அந்த வரிசையில் எழுப்ப வேண்டியிருக்கும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: விமானம்

இரண்டு வயதுக்குள் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு தனி இருக்கை. இரண்டாவது பிறந்தநாள் பயணத்தின் நடுவில் வந்தால் திரும்பும்போது இருக்கை வாங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக இருக்கலாம். நாங்கள் பாரிசில் இறங்கி சூரிச்சில் ஏறினோம். டிக்கெட் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று இருக்கும் இடத்தில் தேடினால் கிடைக்கும். விலை பெரும்பாலும் சாதாரண இருவழி டிக்கெட்டுக்கு அருகில்தான் வருகிறது. முதலில் இறங்கிய ஊருக்கே திரும்பி வரும் ஒரு முழு நாள் மிச்சம்.

தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. விமான வாசலில் ஒப்படைத்தால் இறங்கும் வாசலிலேயே கிடைக்கும் என்று ஊழியர் ஒருவர் உறுதி சொன்னார். இடையில் மாறிய விமான நிலையத்தில் வண்டி வரவே இல்லை. நள்ளிரவில் 16 கிலோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தோம். பாரிசில் பெரிய சாமான்களுக்கான தனி மேடையில் அது எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அன்றே முடிவு செய்தேன்: மடித்தால் தலைக்கு மேலுள்ள அறையில் நுழையும் சிறிய வண்டி, இல்லையென்றால் இடுப்பில் கட்டும் பை. நாலு வயதுக் குழந்தை ஊரில் வண்டியில் உட்காராது என்று சொல்லி விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்போம். வண்டிதான் அதன் மதியத் தூக்கத்துக்கான படுக்கை.

கைப்பையில் திரவம் 100 மில்லி என்ற விதி பயணத்தின்போது குழந்தைக்குத் தேவையான பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. எடுத்துத் தனியே காட்டினால் போதும்.

நான்காம் படி: தங்குமிடம்

சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள சிறு வீடுதான் வேண்டும். ஐரோப்பிய விடுதி அறைகள் பல, மூன்றாவது ஆள் நுழைந்தால் பெட்டியைத் திறக்க இடமில்லாத அளவில் இருக்கும். பதிவு செய்யும்போது குழந்தையின் வயதை மறைக்காமல் எழுதுங்கள். இருவருக்கான அறையில் மூன்றாவது ஆளை, அது குழந்தையே ஆனாலும், அனுமதிக்காத இடங்கள் உண்டு.

மின்தூக்கி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பாரிசின் பழைய கட்டடங்களில் அது இல்லாமல் இருப்பது சாதாரணம். அங்கே தரைத்தளம் கணக்கில் சேராது. 'மூன்றாம் மாடி' என்றால் நிஜமாகவே மூன்று மாடி ஏற வேண்டும். பிறகு, சன்னலுக்கு வெளிச்சத்தை அடைக்கும் கதவோ கனத்த திரையோ உண்டா என்பது. மூன்றாவதாக, நடந்து போகும் தூரத்தில் ஒரு விளையாட்டுத் திடல். வரைபடத்தில் முதலில் அதைத் தேடிவிட்டுத்தான் நான் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஐஃபல் கோபுரம் தெரியும் சன்னலுக்குக் கூடுதல் பணம் தருவதை விட இது பயனுள்ளது. கோபுரத்தை நாம் ஒருமுறை பார்ப்போம். சறுக்கு மரத்துக்குத் தினமும் போவோம்.

ஐந்தாம் படி: முதல் மூன்று நாளின் கடிகாரம்

இந்தியாவுக்கும் பாரிசுக்கும் கோடை நேரத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை நாலரை. சென்னையில் இரவு ஒன்பதுக்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே மாலை ஐந்தரைக்கே கண் செருகும். காலை ஆறரைக்கு எழுகிறவள் அங்கே மூன்று மணிக்கு எழுந்து "விளையாடலாமா" என்பாள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் இப்படித்தான் நடந்தது.

இதை முழுதாகச் சரிசெய்ய முயலாதீர்கள் என்பது என் அனுபவம். பாதியை மட்டும் சரிசெய்யுங்கள். இரவு எட்டு மணிக்குத் தூங்கி, காலை ஐந்தரை, ஆறுக்கு எழும் குழந்தை ஐரோப்பாவில் ஒரு வரம். நாங்கள் ஏழு மணிக்கு டிரோக்காடெரோ திடலில் நின்றபோது, எதிரே கோபுரம், சுற்றிலும் திருமண உடையில் படம் எடுக்க வந்த இரண்டு ஜோடி, வேறு யாரும் இல்லை. பத்து மணிக்கு அதே இடத்தில் கால் வைக்க முடியாது. ஆனால் முதல் நாள் மாலை மட்டும் எப்படியாவது ஏழு மணிவரை வெளிச்சத்தில், வெளியில் வைத்திருங்கள். வீட்டுக்குள் போனால் தோற்றுவிடுவீர்கள்.

ஆறாம் படி: ஒரு நாளைக்கு ஒன்று

எங்கள் விதி எளிமையானது. காலையில் பெரியவர்களுக்காக ஒன்று, மாலையில் குழந்தைக்காக ஒன்று, நடுவில் தூக்கம். காலையில் பார்ப்பது இரண்டாகிவிட்டால் அன்று மாலை யாராவது ஒருவர் அழுவார். அது எப்போதும் குழந்தையாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பாரிசில் மூன்றே முக்கால் வயதுக்கு மிகவும் பொருந்திய இடங்கள் எவை என்று கேட்டால், முதலிடம் லக்சம்பர்க் தோட்டத்துக்கு. எண்கோண வடிவக் குளத்தில் பாய்மரப் பொம்மைப் படகுகளை வாடகைக்குத் தருகிறார்கள். கூடவே ஒரு நீளக் குச்சி. படகைத் தள்ளிவிட்டு, காற்று அதை எங்கே கொண்டுபோகிறதோ அந்தக் கரைக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மகள் ஒன்றரை மணி நேரம் ஓடினாள். அதே தோட்டத்தில் பழைய குதிரை ராட்டினம், பொம்மலாட்ட அரங்கு, கட்டணம் செலுத்தி நுழையும் விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. இரண்டாமிடம் பிளாண்ட் தோட்டத்தில் உள்ள பரிணாம வளர்ச்சிக் காட்சிக்கூடம். யானை முன்னால் நடக்க, ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் பின்னால் வரிசையாக நடந்துபோவதுபோல் பாடம் செய்த விலங்குகளை நிறுத்தியிருக்கிறார்கள். நோவாவின் பேழைக்கு வழி தெரிந்த கூட்டம் மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

லூவ்ர் அருங்காட்சியகமும் செவ்வாய் விடுமுறை, ஓர்சே திங்கள். இரண்டிலும் 18 வயதுக்குள் இலவசம். ஆனால் பெரியவர்கள் யோசிக்க வேண்டும்: லூவ்ரில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 32 யூரோ. குழந்தையோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாத இடத்துக்கு இருவருக்கு 64 யூரோ என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் உள்ளே போகட்டும், மற்றவர் பக்கத்து டுய்லரி தோட்டத்தில் குழந்தையோடு இருக்கட்டும். மறுநாள் முறை மாற்றிக்கொள்ளலாம். என் கணவர் மோனாலிசாவைப் பார்த்தார். நான் ஓர்சேயில் வான்கோவைப் பார்த்தேன். பங்கு நியாயமாகவே இருந்தது.

டிஸ்னிலேண்ட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று வயதிலிருந்து டிக்கெட் வாங்க வேண்டும், வரிசைகள் நீளம், பல ராட்டினங்களுக்கு உயர வரம்பு. ஐந்து வயது ஆகட்டும் என்பேன்.

மெட்ரோவில் நான்கு வயதுக்குள் இலவசம். ஆனால் தள்ளுவண்டிக்கு மெட்ரோ பகை. 14ஆம் எண் தடத்தில் மட்டுமே எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. மற்றவற்றில் படிகள், மேலும் படிகள். பஸ்தான் சுகம். நடுவாசலில் ஏறி வண்டிக்கான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், ஊரையும் பார்க்கலாம். சார்ல் டு கோல் விமான நிலையத்திலிருந்து வரும்போது டாக்சிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் இருக்கிறது: 2025 நிலவரப்படி செய்ன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. அதிகாரபூர்வ வரிசையில் நில்லுங்கள். உள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று அழைப்பவர் பின்னால் போகாதீர்கள்.

ஏழாம் படி: சாப்பாடு

இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன, அதனால் பெட்டியில் பாதி அரிசியும் பொடியுமாகப் போகிறது. கொண்டுபோகக் கூடாதவற்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா, பன்னீர் எதுவும் கூடாது. மூடி முத்திரையிட்ட, குளிர்ப்பதனம் தேவைப்படாத குழந்தைப் பால் மாவுக்கும் குழந்தை உணவுக்கும் மட்டும் 2 கிலோவரை விலக்கு. சான்றிதழ் இல்லாமல் பச்சைக் காய்கறி, இலை, பழம் கூடாது. அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. அதாவது தேங்காய் கொண்டுபோகலாம், கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. என் மாமியார் இதை இன்றுவரை நம்பவில்லை.

தேவையானது கொஞ்சம்தான்: பருப்புப் பொடி, ரசப்பொடி, சத்துமாவு, ஒரு சிறிய மின்சாரக் குக்கர், எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பிளக். சுவிட்சர்லாந்தின் மூன்று முனைத் துளை பிரான்சிலிருந்து வேறுபட்டது என்பதைக் கவனியுங்கள்.

மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும். பாலில் மட்டும் ஒரு பொறி உண்டு. பிரான்சில் நீல மூடி என்றால் பாதிக் கொழுப்பு எடுத்த பால். முழுப் பாலுக்குச் சிவப்பு மூடி. நாங்கள் இரண்டு நாள் நீலத்தையே வாங்கிவிட்டு "ஊர்ப் பால் தண்ணியாக இருக்கிறது" என்று பேசிக்கொண்டிருந்தோம். தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். இனிப்புச் சேர்க்காததைப் பார்த்து எடுங்கள். தயிர் சாதத்துக்கு பாசுமதி வேண்டாம், குழையாது. பாயசம் போன்ற பால் சோற்றுக்காக விற்கும் குண்டு அரிசி இருக்கிறது, 'ரி ரோன்' என்று கேளுங்கள். நன்றாக மசிகிறது. சைவம் மட்டும் சாப்பிடுவோர் குழந்தைக்கு மிட்டாய் வாங்கும் முன் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் மிட்டாய்களில் பெரும்பாலும் இருக்கும்.

உணவகங்களின் நேரம் நம் குழந்தைகளின் பசிக்கு எதிரி. பிரான்சில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு, இரவு ஏழு, ஏழரைக்குப் பிறகு. நடுவில் பல இடங்களில் அடுப்பே எரியாது. ஐந்தரை மணிக்குப் பசிக்கும் குழந்தைக்கு வெளியில் இரவு உணவு என்பது நடக்காத காரியம். எனவே மதியம் மட்டும் வெளியில், இரவு வீட்டில். பையில் எப்போதும் வாழைப்பழமும் ரொட்டியும்.

நான்காம் நாள் மகள் "இட்லி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அதற்கு வழி பாரிசின் லா ஷப்பெல் பகுதி. கார் டு நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். ஈழத் தமிழர் கடைகள் இருபுறமும். தமிழிலேயே பெயர்ப் பலகைகள். இட்லி, தோசை, கொத்து ரொட்டி, கறிவேப்பிலைகூட அங்கே வாங்கலாம். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடியும் தறுவாயில் நடக்கும் அதன் தேர்த் திருவிழாவுக்குத் தெருவெங்கும் தேங்காய் உடைகிறது. "அக்கா, பிள்ளைக்கு உறைப்பில்லாம தரட்டோ?" என்று கடைத் தம்பி கேட்டபோது, நான்கு நாளாக யாரும் எங்களிடம் தமிழில் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டாம் படி: கழிப்பறை

யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். பாரிசின் தெருக்களில் சாம்பல் நிறத்தில் தானியங்கிக் கழிப்பறைகள் இலவசமாக இருக்கின்றன. ஒருவர் வெளியே வந்து கதவு மூடியதும் உள்ளே தானாகக் கழுவிக்கொள்ளும். முன்னால் போனவர் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு "வாருங்கள்" என்றால் போகாதீர்கள். கதவு மூடட்டும், கழுவி முடிக்கட்டும், பச்சை விளக்கு வந்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். தண்ணீர்க் குழாய் எங்கும் கிடையாது. ஒரு சிறிய காலி பாட்டிலும் ஈரத் துடைப்பான்களும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். "வருகிறது" என்று குழந்தை சொன்ன பிறகு தேடாதீர்கள். உணவகத்திலிருந்தும் அருங்காட்சியகத்திலிருந்தும் கிளம்பும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒருமுறை அழைத்துப்போங்கள்.

ஒன்பதாம் படி: ரயிலில் ஊர் மாறுதல்

பாரிஸ் கார் டு லியோன் நிலையத்திலிருந்து பாசல் நகருக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கே மாறினால் லூட்சர்னுக்கு இன்னும் ஒரு மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை வெகுவாகக் குறைவு. பிரெஞ்சு ரயில்களில் நான்கு வயதுக்குள் மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம். மூன்று மணி நேரம் மடி தாங்குமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள், எங்களுக்குத் தாங்கவில்லை.

நடைமேடை எண்ணைப் புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்புதான் பலகையில் போடுவார்கள். கதவு இரண்டு நிமிடம் முன்னதாகவே மூடிவிடும். நம் ஊர்போல் ஓடும் ரயிலில் ஏற்றிவிடும் உறவினர் அங்கே கிடையாது. எனவே வீட்டிலேயே வேலை பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் கையில் குழந்தை, அவர் கையில் வேறெதுவும் கிடையாது. மற்றவர் கையில் பெட்டி, வண்டி, பை எல்லாம். ஒருவர் தூக்க முடியாத சாமான் என்றால் அது அதிகமான சாமான். மூவருக்கும் சேர்த்து ஒரு பெரிய பெட்டி, ஒரு முதுகுப்பை. நாலு நாளைக்கு ஒருமுறை துவைத்தால் இதுவே தாராளம்.

கூட்டமான நிலையங்களில் குழந்தையின் சட்டைக்குள் கைபேசி எண் எழுதிய துணிப் பட்டை ஒன்றை ஊசியால் குத்திவிடுவேன். தினமும் காலையில் அன்றைய உடையில் ஒரு படம். தொலைந்துபோனால் தேடி ஓடாமல் அதே இடத்தில் நின்று "அம்மா" என்று கத்த வேண்டும் என்று சென்னையிலேயே விளையாட்டாகப் பழக்கிவிட்டுத்தான் கிளம்பினோம்.

பத்தாம் படி: சுவிட்சர்லாந்து

ஆறு வயதுக்குள் ரயில், பஸ், படகு எல்லாம் இலவசம். 6 முதல் 15 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு, பெற்றோரிடம் சுவிஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்) இருந்தால், குடும்ப அட்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதுவும் இலவசம். பாஸ் விலையைப் பார்த்து மலைக்காமல், படகும் ரிகி மலை ரயிலும் அதிலேயே அடக்கம் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

நம் ஊர்க் குழுக்கள் போகும் டிட்லிஸ் மலை நிலையம் 3,020 மீட்டர்; யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 தான். தலைவலி, வாந்தி என்பதைச் சொல்லத் தெரியாத வயதுக் குழந்தையை அரை நாளில் அந்த உயரத்துக்கு ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. போவதாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். லவுட்டர்புரூன்னன் பள்ளத்தாக்கின் ட்ரும்மல்பாக் அருவிக் குகையில் நான்கு வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை.

அதற்குப் பதில் நாங்கள் போனது ரிகி. உச்சி 1,798 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. லூட்சர்ன் கரையிலிருந்து ஒரு மணி நேரம் படகு. முடிந்தால் பழைய நீராவிப் படகாகப் பார்த்து ஏறுங்கள். நடுவில் எஞ்சினின் பித்தளைத் தண்டுகள் ஏறி இறங்குவதை மேலிருந்தே பார்க்கலாம். ஃபிட்ஸ்னாவ் துறையில் இறங்கினால் எதிரிலேயே சிவப்பு ரயில். 1871இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் இது. நம் நீலகிரி ரயிலும் பற்சட்டத்தில்தான் ஏறுகிறது. நீலகிரி ரயிலின் பற்சட்ட வகையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ் பொறியாளர், அந்த ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிஸ் நகரமான விண்டர்தூரில் செய்யப்பட்டவை. மகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. பசு மணியடித்தபடி தண்டவாளத்தின் ஓரம் மேய்ந்தது. அதற்கு அவள் ஒரு பெயர் வைத்தாள்.

மழை நாளுக்கு லூட்சர்ன் போக்குவரத்து அருங்காட்சியகம். எஞ்சின், விமானம், கேபிள் கார் எல்லாவற்றிலும் ஏறலாம். ஒரு முழு நாளே போய்விடும். டிராவல் பாஸ் இருந்தால் பாதி விலை. இன்னொன்று: சூரிச்–பெர்ன் தடத்தில் ஓடும் இரட்டை அடுக்கு ரயில்கள் பலவற்றில் குடும்பப் பெட்டியின் மேல்தளத்தில் சறுக்கு மரத்தோடு விளையாட்டு இடமே வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இறக்குவதுதான் பாடு.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். அதனால் ஞாயிறு அன்று ஊர் மாறாதீர்கள். மாறினால் பாலும் ரொட்டியும் நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

உடம்புக்கு வந்தால்

அவசர எண் 112, இரு நாட்டிலும். பிரான்சில் பச்சைச் சிலுவை இருந்தால் மருந்துக் கடை. மூடியிருந்தால் அருகில் திறந்திருக்கும் கடையின் விவரம் கதவில் ஒட்டியிருக்கும். வழக்கமான காய்ச்சல், வாந்தி, ஒவ்வாமை மருந்துகளை உங்கள் மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் கொண்டுபோங்கள். சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் குழந்தையின் எடையும் இருக்கட்டும். எடைக்கேற்பத்தான் அளவு சொல்வார்கள். சுவிஸ் புல்வெளியிலும் காட்டோரத்திலும் விளையாடிய நாளில், குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடலுக்குப் பின்புறம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும் நாள்

லூட்சர்னிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு நேரடி ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கொஞ்சம் முன்னதாகப் போனால் 'பி' பார்வை மாடத்தில் விமானங்களைப் பார்த்துக்கொண்டே குழந்தை விளையாடத் திடல் இருக்கிறது. ஓட விட்டுக் களைக்க வைத்து ஏற்றுங்கள்.

திரும்பி வந்த பிறகு கடிகாரம் எதிர்ப்பக்கம் திரும்பும். இரவு பன்னிரண்டுவரை விழிப்பு, காலை பத்துக்கும் எழ மாட்டாள். ஞாயிறு இரவு வந்து இறங்கி திங்கட்கிழமை மழலையர் பள்ளிக்கு அனுப்பலாம் என்று நாங்கள் போட்ட திட்டம் அப்படியே படுத்துவிட்டது. நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து சேரும்படி டிக்கெட் போடுங்கள்.